பரணில் தூங்கும் ப்ரீ-ஆம்ப்: பிளக்கைச் சொருகுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் செடி, சைக்கிள், பழைய செல்போன் குவியல்களுக்கு நடுவே, தார்ப்பாய் மேல் சில கனமான பெட்டிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அலுமினிய முகப்பு, வரிசையாகத் திருகு குமிழ்கள், பின்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக சாக்கெட்டுகள். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் தனி வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுப்பவர்கள் பரணைக் காலி செய்யும்போதும் இதே மாதிரி பெட்டி இறங்கும். அப்பாவோ தாத்தாவோ சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ தூக்கி வந்ததாக இருக்கும். இல்லையென்றால் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியது.

இரண்டு இடத்திலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். ''ஓடுதான்னு பார்ப்போம்'' என்று நேராக பிளக்கைச் சொருகுவார்கள். ஒன்று, 'டப்'பென்று புகை வரும். இல்லையென்றால், 'ம்ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். ''செத்துப்போச்சுப்பா'' என்று தீர்ப்பு சொல்லி, காயலான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். பல பெட்டிகள் உண்மையில் சாகவில்லை. வோல்டேஜ், எர்த், ஈரக்காற்று என்று நம் வீட்டில் இருக்கும் மூன்று விஷயங்கள்தான் அவற்றைச் செத்தது மாதிரி காட்டுகின்றன.

இது மைக் செட் இல்லீங்க!

ஆம்ப்ளிஃபையர் என்றதும் நமக்குக் கல்யாண வீட்டு மைக் செட்தான் ஞாபகம் வரும். ப்ரீ-ஆம்ப் அந்த ஜாதி இல்லை. அதில் நேராக ஸ்பீக்கரை மாட்ட முடியாது. இசைத்தட்டு பிளேயர், ரேடியோ டியூனர், கேசட் டெக் என்று பல இடங்களிலிருந்து வரும் சிக்னலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அளவு சரி செய்து, பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைத்து, அடுத்து இருக்கும் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புவதுதான் இதன் வேலை. ஸ்பீக்கரை அதிரவைக்கும் சக்தி பவர் ஆம்ப்பில் இருந்து வருகிறது.

இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளாக வாங்கியவர்கள் நம் ஊரில் குறைவு. இங்கிலாந்தின் 'குவாட்' நிறுவனம் 1967-ல் கொண்டுவந்த 'குவாட் 33' என்ற சின்ன ப்ரீ-ஆம்ப், அதன் ஜோடியான '303' பவர் ஆம்ப் மாதிரியானவை வசதிக்காரர்கள் வீட்டில் இருந்தன. மற்றபடி, 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், மும்பையின் காஸ்மிக், பிறகு ஜப்பான் செட்டுகள் எல்லாம் பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும் 'இன்டக்ரேட்டட்' வகை. அதிலும் முன்பாதி ப்ரீ-ஆம்ப்தான் என்பதால் இங்கே சொல்வதில் முக்கால்வாசி அவற்றுக்கும் பொருந்தும். சில ஜப்பான் இன்டக்ரேட்டட் செட்டுகளின் பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்ற இரண்டு ஜோடி சாக்கெட்டுகளை 'ப' வடிவக் கம்பித் துண்டுகள் இணைத்திருக்கும். அழகுக்கு வைத்தது என்று யாராவது பிடுங்கிப் போட்டிருந்தால் செட் ஊமையாகிவிடும். இரண்டு சின்ன ஒயரால் மறுபடி இணைத்தால் பாட ஆரம்பிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே எடைக்குப் போன செட்டுகள் இருக்கும் என்பது என் சந்தேகம்.

சந்தையில் வாங்குகிறீர்களா?

தார்ப்பாய்க் கடையில் கரன்ட் கிடையாது. போட்டுக் காட்டச் சொல்ல முடியாது. ஒரு சாதாரண மல்டிமீட்டரைப் பையில் கொண்டுபோங்கள். செட்டின் பவர் சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் இரண்டு பின்களுக்கு நடுவே ஓம்ஸ் அளவெடுங்கள். சில பத்து ஓம்ஸிலிருந்து சில நூறு ஓம்ஸ் வரை ஏதாவது காட்டினால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே காட்டவில்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கலாம், சுவிட்ச் போயிருக்கலாம், டிரான்ஸ்ஃபார்மரே எரிந்திருக்கலாம். முதல் இரண்டும் சின்னச் செலவு. மூன்றாவது பெரிய தலைவலி. காற்றோட்ட ஓட்டையில் மூக்கை வைத்துப் பாருங்கள். எரிந்த வாசனை வருஷங்கள் கழித்தும் போகாது.

குமிழ்கள் எல்லாம் திரும்புகின்றனவா, பட்டன்கள் உள்ளே போய் வெளியே வருகின்றனவா என்பதும் முக்கியம். கண்டென்சர், டிரான்சிஸ்டர் எல்லாம் எங்காவது கிடைத்துவிடும். உடைந்த செலக்டர் சுவிட்ச், அந்த மாடலுக்கென்றே செய்த வால்யூம் கன்ட்ரோல் கிடைப்பதுதான் கஷ்டம். முகப்பு பளபளவென்று இருக்கிறதா என்பதைவிட இதைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத ப்ரீ-ஆம்ப்களும் உண்டு. வால்வு காலத்து 'குவாட் 22'-க்கு சொந்தமாகப் பவர் சப்ளை கிடையாது. ஜோடி பவர் ஆம்ப்பிலிருந்து வரும் கேபிள் வழியாகத்தான் அதற்கு உயிர். அதைத் தனியாக வாங்கி வந்தால் ஷோகேஸில்தான் வைக்க வேண்டும்.

வோல்டேஜைப் பார்க்காமல் தொடாதீர்கள்

பின்பக்கத் தகட்டில் வோல்டேஜ் அச்சிட்டிருப்பார்கள். ஜப்பானுக்குள் விற்கச் செய்த செட் என்றால் 100 வோல்ட், அமெரிக்கா என்றால் 110 அல்லது 120. நம் வீட்டு ஈ.பி. சப்ளை 230. 100 வோல்ட் செட்டை நேராகச் சொருகினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. சில செட்டுகளில் வோல்டேஜை மாற்றிக்கொள்ளச் சின்ன செலக்டர் இருக்கும். அதில் 220, 240 இரண்டும் இருந்தால் 240-ல் வையுங்கள். நடுராத்திரி தெருவே தூங்கியபின் நம் புறநகர்த் தெருக்களில் சப்ளை 230-ஐத் தாண்டுவது சாதாரணம்; 220-ல் வைத்திருந்தால் பெட்டிக்குள் சூடு கூடும்.

100 வோல்ட் செட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. கடையில் சுலபமாகக் கிடைப்பது 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர். வீட்டு சப்ளை 245-க்கு ஏறினால் அதன் அவுட்புட் 117-க்குப் போய்விடும். 100 வோல்ட்டுக்கென்று செய்த பெட்டிக்கு அது ரொம்ப அதிகம். 100 வோல்ட் டேப்பிங் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்; இல்லையென்றால் சுற்றித் தரச் சொல்லுங்கள். ப்ரீ-ஆம்ப் மட்டும் என்றால் 100 வி.ஏ. அளவே தாராளம். அதே டிரான்ஸ்ஃபார்மரில் பவர் ஆம்ப்பையும் சேர்த்து மாட்டாதீர்கள்.

ஃபியூஸ் போயிருந்தால், பீங்கான் கட்டையில் கம்பி கட்டுவது மாதிரி ஒரு இழை ஒயரைச் சுற்றிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இதில் அது வேண்டாம். தகட்டில் என்ன ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதே கண்ணாடி ஃபியூஸ். புதிதாகப் போட்டதும் மறுபடி போனால், பெட்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை கரன்ட் கொடுப்பது

பத்து, இருபது வருஷமாகக் கரன்ட் பார்க்காத கண்டென்சர்கள் உள்ளுக்குள் தளர்ந்திருக்கும். எலெக்ட்ரோலிட்டிக் வகைக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம், வேலையே இல்லாமல் கிடந்தால் கரையும். திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் ஷார்ட் ஆகும். சில சமயம் வெடிக்கும். அதனால் மெக்கானிக்குகள் செய்வது 'சீரியஸ் லேம்ப்' வைத்தியம். செட்டுக்குப் போகும் லைனில், தொடராக ஒரு 60 வாட் குண்டு பல்பை மாட்டுவார்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. இழை பல்புதான் வேண்டும். ஆன் செய்ததும் பல்பு ஒரு கணம் மின்னி, உடனே மங்கினால் நல்ல சகுனம். பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், அணைத்துவிட வேண்டியதுதான். பல்பு கரன்டைத் தடுத்துப் பிடித்துக்கொள்வதால் செட் தப்பிக்கும்.

காலேஜ் எலெக்ட்ரிக்கல் லேபில் 'டிம்மர்ஸ்டாட்' என்று ஒன்று பார்த்திருப்பீர்கள். அது வைத்திருக்கும் மெக்கானிக் என்றால் இன்னும் நல்லது. மெதுவாக, மணிக்கணக்கில் வோல்டேஜை ஏற்றி கண்டென்சர்களைப் பழக்குவார். வீட்டில் எலெக்ட்ரிக்கல் வேலை தெரியாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். வால்வு செட் என்றால் இன்னும் கறார். உள்ளே 250, 300 வோல்ட் டி.சி. ஓடும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். மூடியைக்கூட நீங்கள் திறக்காதீர்கள்.

முதல் சோதனையின்போது பவர் ஆம்ப்பை இணைக்கவே கூடாது. ப்ரீ-ஆம்ப்பை மட்டும் கால் மணி நேரம் ஓட விட்டு, அவுட்புட் சாக்கெட்டில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். சில மில்லிவோல்ட் காட்டினால் சரி. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால், அந்த டி.சி. பவர் ஆம்ப் வழியாக ஸ்பீக்கர் வரை போய் காயிலை எரிக்க வாய்ப்பு இருக்கிறது. இரண்டு நிமிஷ வேலை. ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் காப்பாற்றும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்து, செட்டைப் போட்டதும் அது விழுந்தால், ''பழைய செட்டுக்கு இது ஒத்துக்காதுங்க'' என்று சொல்லி அதை பைபாஸ் பண்ணித் தருபவரை உள்ளே விடாதீர்கள். லீக்கேஜ் இருப்பதால்தான் அது விழுகிறது. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருந்தாலும் அதே கதைதான். மெக்கானிக் பார்க்கும்வரை ஓட்டக் கூடாது.

கரகர சத்தம்

கரன்ட் எல்லாம் சரி, வால்யூமைத் திருப்பினால் 'கர்ர்ர்' என்கிறது. ஒரு பக்க ஸ்பீக்கர் வந்து வந்து போகிறது. கடல் பக்கத்தில் இருக்கும் ஊரில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சர்யம். ஈரமும் உப்பும் கலந்த காற்று, சுவிட்சுக்குள் இருக்கும் உலோக முனைகளைக் கறுக்க வைக்கிறது. செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒவ்வொரு குமிழையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் முப்பது, நாற்பது தடவை திருப்புங்கள். பட்டன்களையும் அதேபோல் அமுக்கி எடுங்கள். காசு செலவில்லாத இந்த வைத்தியத்திலேயே பாதிப் பிரச்னை போய்விடும்.

மீதிக்கு, எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வகையா என்று கேட்டு வாங்கி, வால்யூம் கன்ட்ரோலின் உள்துளையில் ஒரு சொட்டு அளவுக்கு அடித்து, திருப்பி, காயவிட வேண்டும். கதவுக் கீலுக்கு அடிக்கும் டபிள்யூ.டி.-40-யை இதில் அடிக்காதீர்கள். அப்போதைக்கு நன்றாக இருப்பது மாதிரி தெரியும். பிறகு தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் விட்டவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம் சாமி!

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் தப்பே இல்லை. பக்கவாட்டு மூடியில் வையுங்கள். குமிழுக்குப் பக்கத்தில் வைத்தால் குங்குமத் தூள் உதிர்ந்து அந்த இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகும்.

பின்பக்க சாக்கெட்டுகளில் எது எதற்கு?

பின்பக்கம் இருக்கும் சாக்கெட்டுகளில் 'ஃபோனோ' என்பது மட்டும் தனி ரகம். மற்ற எல்லாம், அதாவது ஆக்ஸ், டியூனர், டேப் ஆகியவை ஏறக்குறைய ஒன்றே.

காரணம் இது. இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி, மேக்னட்டிக் கார்ட்ரிட்ஜில் உண்டாக்கும் சிக்னல் மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ட்தான். சி.டி. பிளேயர் கொடுப்பது இரண்டு வோல்ட். அதாவது சுமார் 500 மடங்கு. போதாததற்கு, தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் பேஸ் வரும் இடங்களில் பள்ளம் அகலமாகி பக்கத்துப் பள்ளத்தில் இடித்துவிடும். எவ்வளவு குறைப்பது என்பதை 1954-ல் அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. சங்கம் வரையறுத்தது. பிறகு உலகம் முழுக்க அதுவே வழக்கமானது. ஃபோனோ சாக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சர்க்யூட் இதைத் தலைகீழாகச் செய்து பாட்டைச் சரியாக்குகிறது. அதனால் போனையோ, ப்ளூடூத் ரிசீவரையோ, சி.டி. பிளேயரையோ ஃபோனோவில் மாட்டக் கூடாது. மாட்டினால் காது கிழியும் கொரகொரப்புதான் வரும். அவை எல்லாம் ஆக்ஸில் போக வேண்டும்.

இதற்கு நேர்மாறான குழப்பமும் நம் வீடுகளில் உண்டு. ஹெச்.எம்.வி.யின் ஃபியஸ்டா, கலிப்ஸோ மாதிரியான பிளேயர்களில் இருந்தது செராமிக் அல்லது கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். அதை மேக்னட்டிக் ஃபோனோவில் கொடுத்தாலும் கொரகொரதான். செட்டில் 'செராமிக்' என்று தனி இன்புட் இருந்தால் அதில், இல்லையென்றால் ஆக்ஸில் கொடுங்கள். ஆக்ஸில் பேஸ் கொஞ்சம் மெலிந்து வரும், குமிழால் கூட்டிக்கொள்ளலாம். குவாட் 33-ல் இதற்கென்றே உள்ளே ஒரு சதுர அட்டை இருக்கும். அதைக் கழற்றித் திருப்பிச் சொருகினால் வேறு கார்ட்ரிட்ஜுக்கு ஏற்றபடி மாறிவிடும். அந்தக் காலத்துப் புத்தி!

சோனோடைன், ஃபிலிப்ஸ், ஐரோப்பியச் செட்டுகள் என்றால் இப்போது நாம் பார்க்கும் சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ. சாக்கெட்டுக்குப் பதில், ஐந்து துளை வட்ட சாக்கெட் இருக்கலாம். அதன் பெயர் 'டின்'. பயப்பட வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் போனால் ஐந்து பின் பிளக் கிடைக்கும். அங்கேயே ஒயரும் சால்டர் செய்து வாங்கலாம். நடு பின் எர்த். அதன் ஒரு பக்கத்து இரண்டும் ப்ளே, மறுபக்கத்து இரண்டும் ரெக்கார்ட் என்பது டேப் சாக்கெட்டில் பொதுவான வழக்கம். 'ப்ளே பக்கத்துல போடுங்க' என்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். மாற்றிப் போட்டால் சத்தமே வராது, அல்லது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி மெல்லிசாகக் கேட்கும்.

எல்லாம் மாட்டியும் சத்தம் வரவில்லையா? முகப்பில் 'டேப் மானிட்டர்' பட்டன் அமுங்கியிருக்கிறதா பாருங்கள். அது அமுங்கியிருந்தால், இல்லாத கேசட் டெக்கின் பாட்டுக்காகச் செட் காத்துக்கொண்டிருக்கும். 'மியூட்டிங்' பட்டனையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இதற்காக மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அவர் ஒரு பட்டனைத் தட்டிவிட்டு விசிட்டிங் சார்ஜ் வாங்கிக்கொண்டு போவார்.

அந்த 'ம்ம்ம்ம்' எங்கிருந்து வருது?

ஃபோனோவில் பாட்டு போட்டால் பின்னணியில் ஒரு தேனீக் கூட்டம் முனகும். ''ப்ரீ-ஆம்ப் போச்சு'' என்று முடிவுகட்டும் இடம் இதுதான். நம் ஈ.பி. கரன்ட்டின் துடிப்பு விநாடிக்கு 50. மேலே சொன்ன ஆர்.ஐ.ஏ.ஏ. திருத்தம் பேஸைத் தூக்கிவிடுவதால், 50 ஹெர்ட்ஸில் இருக்கும் எதையும் நடுத்தர ஸ்வரங்களைவிடச் சுமார் ஏழு மடங்கு கூடுதலாகப் பெருக்கும். ஏற்கெனவே நூறு மடங்கு பெருக்கும் சர்க்யூட் அது. வீட்டு ஒயரிங்கில் இருக்கும் சின்னக் குறைகூட இங்கே வந்துதான் பேசும். செட் நல்லபடியாக இருப்பதால்தான் அதுவும் கேட்கிறது.

முதலில் டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயர். சிவப்பு, வெள்ளை பின்களோடு சேர்ந்து ஒரு 'ப' வடிவக் கொக்கியுடன் தொங்கும். அதை ப்ரீ-ஆம்ப் பின்னால் இருக்கும் 'கிரவுண்ட்' திருகில் மாட்ட வேண்டும். எதற்கென்றே தெரியாமல் பலர் அதை வெட்டிவிடுகிறார்கள். அடுத்து, டர்ன்டேபிளை ப்ரீ-ஆம்ப், ஸ்டெபிலைசர், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் எதன் தலையிலும் வைக்காதீர்கள். இரண்டடி தள்ளி வைத்தாலே முனகல் இறங்கும்.

அதற்கும் அடங்கவில்லையா? இணைத்திருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். டி.வி.யை ஆக்ஸில் கொடுத்திருந்தால் அதை முதலில். கேபிள் அல்லது டிஷ் ஒயர் வழியாக ஒரு எர்த், பிளக் வழியாக இன்னொரு எர்த் என்று இரண்டு வழி உண்டானால், அந்த வளையத்தில் ஓடும் கரன்ட்தான் முனகும். எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாயின்ட்டிலிருந்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்காக மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை வெட்டி எறிவது மட்டும் கூடவே கூடாது. முனகல் போகும், உயிரும் போகலாம்.

புறநகரில் இருபது, முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீடுகளில் எர்த் குழி என்ற ஒன்று இருந்ததையே மறந்திருப்போம். கரியும் உப்பும் போட்டு மூடியது, மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் உயிரோடு இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். இது பாட்டுக்காக மட்டும் இல்லை. அதே எர்த்தை நம்பித்தான் உங்கள் வாட்டர் ஹீட்டரும் ஃபிரிட்ஜும் இருக்கின்றன.

முனகலாக இல்லாமல் 'ஸ்ஸ்ர்ர்' என்று கூர்மையாக இருந்தால் குற்றவாளி வேறு. ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை ஐந்தில் வைத்துப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அதுதான். கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும்போது மட்டும் வந்தால், உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக இருக்கும். கரன்ட் இல்லாத நேரத்தில் பாட்டுக்கு லீவு விடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை வாங்கும்போது சைன் வேவாக வாங்குங்கள்.

குமிழ்களைப் புரிந்துகொண்டு திருப்புங்கள்

ஆன் செய்யும் வரிசை: வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு முதலில் டர்ன்டேபிள், பிறகு ப்ரீ-ஆம்ப், அரை நிமிஷம் கழித்து பவர் ஆம்ப். அணைக்கும்போது பவர் ஆம்ப்தான் முதலில். மாற்றிச் செய்தால் ஸ்பீக்கரில் 'தொம்' என்று ஒரு குத்து விழும். ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது. தினமும் விழுந்தால் ஸ்பீக்கர் கோன் தாங்காது.

நமக்கு பேஸ் என்றால் பிரியம், தெரிந்ததுதான். பேஸ் குமிழை முழுசாகத் திருப்பினால் பழைய செட்டுகளில் சுமார் 10 டெசிபல் கூடும். காதுக்கு அது இரண்டு மடங்கு மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஸ்வரங்களுக்குப் பவர் ஆம்ப் கொடுக்க வேண்டிய சக்தி பத்து மடங்கு! தாங்காமல் பவர் ஆம்ப் திணறும்போது முதலில் எரிவது பெரிய ஸ்பீக்கர் இல்லை, சின்ன ட்வீட்டர். குமிழை நடுவிலிருந்து இரண்டு கோடு தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். 'லவுட்னஸ்' பட்டன் ராத்திரி மெதுவாக வைத்துக் கேட்பதற்காக வந்தது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் சரியாகக் கேட்காது. அதை ஈடுகட்டத்தான் அது. பகலில் சத்தமாக வைக்கும்போது அதை எடுத்துவிடுங்கள்.

யாரும் தொடாத இரண்டு பட்டன்கள் இருக்கின்றன. நம் ஊர் ரெக்கார்டுகளுக்கு அவைதான் தங்கம். ஒன்று 'மோனோ'. தமிழ்த் திரைப்பாடல்கள் எழுபதுகளின் பிற்பகுதி வரை மோனோவில்தான் பதிவாயின. இளையராஜா இசையமைத்த 'ப்ரியா' (1978) வந்த பிறகுதான் ஸ்டீரியோ என்பது நம் வீடுகளில் பேச்சானது. கே.வி.மகாதேவன், விஸ்வநாதன்-ராமமூர்த்தி காலத்துத் தட்டு ஒன்றைப் போட்டு, மோனோ பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஊசி மேலும் கீழும் குதிப்பதால் வரும் 'சடசட' சத்தத்தில் பெரும்பகுதி இரண்டு சேனலும் ஒன்றுசேரும்போது ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். குரல் நடுவில் வந்து நிற்கும். தட்டைக் கழுவினால் கிடைப்பதைவிட இதில் கிடைக்கும் வித்தியாசம் அதிகம் என்றுகூடச் சில தட்டுகளுக்குச் சொல்வேன். 78 சுற்றுத் தட்டு என்றால் மோனோவோடு, அதற்கென்றே இருக்கும் தடிமனான ஊசியும் வேண்டும். எல்.பி. ஊசியால் ஓட்டினால் அது பள்ளத்தின் அடியில் குப்பையைக் கிளறிக்கொண்டே போகும்.

இன்னொன்று 'சப்சானிக்' அல்லது 'லோ ஃபில்டர்'. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் பரணில் மே மாதத்தைக் கழித்த தட்டுகள் பப்படம் மாதிரி வளைந்திருக்கும். வளைந்த தட்டு சுற்றும்போது காதுக்கே கேட்காத மெதுவான அலை கிளம்பி, ஸ்பீக்கர் கோன் பாட்டே இல்லாமல் முன்னும் பின்னும் ஆடும். ஃபில்டரைப் போட்டதும் அது அடங்கும். பாட்டில் எதுவும் குறைந்தது தெரியாது.

போனிலிருந்து கேட்க வேண்டும் என்றால் ஒரு ப்ளூடூத் ரிசீவரை ஆக்ஸில் மாட்டினால் போதும். பழைய ஆக்ஸ் இன்புட் 200, 300 மில்லிவோல்ட்டை எதிர்பார்த்துச் செய்தது. அதனால் வால்யூமை லேசாகத் தொட்டாலே வீடு அதிரும். போனில் சத்தத்தைப் பாதியாகக் குறைத்து வைத்தால் ப்ரீ-ஆம்ப்பின் குமிழைத் தாராளமாகத் திருப்ப முடியும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

பழைய செட் பார்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கிடைத்தவரிடம் ''எல்லாத்தையும் புதுசா மாத்திடுங்க'' என்று மட்டும் சொல்லாதீர்கள். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்கள், வீங்கியவை, கசிந்தவை ஆகியவற்றை மாற்றினால் போதும். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதே அளவு அல்லது கூடுதல், 105 டிகிரி வகை என்று கேளுங்கள். நன்றாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்களில் கை வைக்க வேண்டியதில்லை. மெயின்ஸ் லைனுக்குக் குறுக்கே இருக்கும் கண்டென்சரை மட்டும், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். பழைய ஐரோப்பியச் செட்டுகளில் புகை கிளம்புவது பெரும்பாலும் அங்கிருந்துதான். அதற்குப் பதிலாக எக்ஸ்2 வகை போட வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் போனில் போட்டோ எடுத்து வைத்தால், நாளைக்கு வேறொரு மெக்கானிக்குக்கு அதுதான் வரைபடம்.

மழைக்காலம்

வடகிழக்குப் பருவமழை வந்தால் ப்ரீ-ஆம்ப்பை மூடிவைக்காமல் வாரத்துக்கு ஒரு முறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். உள்சூடு ஈரத்தை விரட்டும். பாட்டி பின்னிய குரோஷா உறையை ஓடும்போது எடுத்துவிட வேண்டும், காற்றோட்டம் அடைபடும். ஓட்டைகள் வழியாகப் பல்லியும் கரப்பானும் சூடு தேடி உள்ளே போகும். உட்பக்கமாகக் கொசுவலைத் துண்டு ஒன்றை ஒட்டச் சொல்லுங்கள். இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் கேபிள் டி.வி. ஒயரையும் பிடுங்கி வைக்க வேண்டும்.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பரை நினைவுபடுத்த வேண்டியதில்லை. அடையாறு பெருகி, வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பகுதிகள் மூழ்கின. தரைத்தள வீடு என்றால் ஸ்டீரியோவை டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். பிளக் பாயின்ட்டும் உயரத்தில் இருக்கட்டும். அக்டோபர் வந்ததும் பழைய செட், ரெக்கார்டு இரண்டையும் மாடிக்கு ஏற்றிவிடலாம். எந்த ஒயர் எந்த சாக்கெட் என்று முதலில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டால் ஜனவரியில் திரும்ப மாட்டுவது பத்து நிமிஷ வேலை. ஒருவேளை தண்ணீர் புகுந்துவிட்டால், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் கரன்ட் கொடுக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றுகளுக்குள் போன ஈரம் வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். மெக்கானிக் மூடியைத் திறந்து, சேற்றைக் கழுவி, காயவைத்து, இன்சுலேஷன் அளந்து பார்த்த பிறகு, மறுபடியும் அந்த 60 வாட் குண்டு பல்பில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.